தெருவுக்கு நாலு அக்கா: சேலத்தில் பாலூட்டும் தாய்மார்களுக்குத் துணைக்குழு அமைக்க முழுமையான வழிகாட்டி

சுகப்பிரசவம் என்றால் இரண்டு மூன்று நாளில், சிசேரியன் என்றால் ஒரு வாரத்துக்குள் தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். மார்பு கட்டிக்கொள்வது, காம்பு வெடிப்பது, குழந்தை ராத்திரி முழுக்க வீறிட்டு அழுவது, "பால் பத்தலையோ" என்ற பயம் பிடித்துக்கொள்வது எல்லாம் பெரும்பாலும் அதற்கப்புறம்தான் வருகின்றன. அந்த நேரத்தில் பக்கத்தில் செவிலியர் இருக்கமாட்டார். மருத்துவமனைக்குப் போகும் அளவு பெரிய விஷயமா என்றும் தெரியாது. அம்மா ஒன்று சொல்வார், மாமியார் வேறொன்று சொல்வார், வீட்டுக்காரர் ஏதும் புரியாமல் பால் மாவு டப்பா வாங்கப் புறப்பட்டுவிடுவார்.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடந்திருக்கின்றன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் 41.8 சதவீதம்தான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவை 63.7 சதவீதம். மருத்துவமனைக் கட்டிலுக்கும் வீட்டுத் தொட்டிலுக்கும் நடுவில் ஏதோ நழுவிப்போகிறது.

அந்த இடத்தில் யார் நிற்க முடியும்? வங்கதேசத் தலைநகர் டாக்காவில் நடந்த ஓர் ஆய்வு, 2000-ஆம் ஆண்டில் வெளியானது. மருத்துவப் படிப்பு ஏதும் இல்லாத உள்ளூர்த் தாய்மார்களுக்கு 40 மணி நேரம் பயிற்சி கொடுத்து, கர்ப்பகாலம் தொடங்கி குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகும்வரை வீடுவீடாக அனுப்பினார்கள். அவர்கள் போன வீடுகளில் ஐந்தாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகள் 70 சதவீதம். போகாத வீடுகளில் 6 சதவீதம். சேலத்து அம்மாப்பேட்டையிலோ குகைப் பகுதியிலோ இதைச் செய்ய முடியாது என்பதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

படி 1: முதல் நாலு பேரைக் கண்டுபிடியுங்கள்

பெரிய சங்கம் வேண்டாம். ஒரே தெருவில், அல்லது நடந்து போகும் தூரத்தில் நாலு பேர் போதும். அண்மையில் பாலூட்டியவர்களாக, அல்லது இப்போதும் ஊட்டிக்கொண்டிருப்பவர்களாக இருக்க வேண்டும். இருபது வருடத்துக்கு முன் பிள்ளை வளர்த்தவருக்கு அனுபவம் இருக்கும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வலியோடு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பது அவருக்கு மறந்திருக்கும்.

நாலு பேரும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. சிசேரியன் ஆன ஒருவர் கட்டாயம் வேண்டும். அதே கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன்தான். வேலைக்குப் போய்க்கொண்டே பாலூட்டியவர் ஒருவர் வேண்டும். ஆரம்பத்தில் கஷ்டப்பட்டு, இடையில் பால் மாவு கொடுத்து, மறுபடி தாய்ப்பாலுக்குத் திரும்பியவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். எல்லாம் தானாகவே நன்றாக நடந்தவரைவிட அவர் சொல்வதற்குத் தாய்மார்கள் காது கொடுப்பார்கள்.

குணத்தையும் பாருங்கள். வாயாடியாக இருக்கலாம், ஆனால் ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொல்பவர் வேண்டாம். நெருக்கமான நெசவாளர் சந்தில் ஒரு பேச்சு எவ்வளவு வேகமாகப் போகும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு முறை ரகசியம் வெளியே போனால் குழு அன்றே முடிந்தது.

படி 2: செவிலியரிடமும் அங்கன்வாடியிலும் சொல்லிவிடுங்கள்

உங்கள் பகுதி சுகாதாரச் செவிலியரிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் போய், "நாங்கள் நாலு பேர் இப்படிச் செய்யப்போகிறோம்" என்று சொல்லுங்கள். யாருக்குப் பிரசவ தேதி நெருங்குகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் பெயர்ப் பட்டியலை வாங்கி வராதீர்கள். கர்ப்பிணியிடம் அவர்களே கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் உங்கள் எண்ணைக் கொடுக்கட்டும். தடுப்பூசி போடும் நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாலும் போதும். ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும் தாய்மார்களில் பலர் பால் நிறுத்தலாமா என்ற யோசனையோடுதான் வருவார்கள்.

பயிற்சியையும் இங்கேயே கேளுங்கள். மத்திய அரசு 2016-இல் தொடங்கிய 'மா' திட்டம் தாய்ப்பாலூட்டலுக்கென்றே வந்தது. அதன் பாடங்கள் சுகாதாரப் பணியாளர்களிடம் இருக்கும்.

படி 3: கேட்கப் பழகுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பாலூட்டல் பற்றிய தகவல் செல்போனிலேயே கிடைக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குக் கிடைக்காதது, தன் பேச்சை முழுசாகக் கேட்கும் ஆள்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பாலூட்டல் ஆலோசகர்களுக்குச் சொல்லித்தரும் முறையில் கேட்பதுதான் முதல் பாடம். நம் வீட்டு வழக்கில் சொன்னால் இப்படி:

அவர் உட்கார்ந்திருக்கும் உயரத்திலேயே நீங்களும் உட்காருங்கள். பாயில் இருந்தால் பாயில். நின்றுகொண்டே பேசினால் பரிசோதனைக்கு வந்தவர் மாதிரி ஆகிவிடும்.

"பால் குடிக்கிறானா?" என்று கேட்டால் "ம்" என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடும். "நேத்து ராத்திரி எப்படிப் போச்சு கண்ணு?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பிரச்சினை தானாக வெளியே வரும்.

அவர் சொன்னதையே கொஞ்சம் மாற்றித் திருப்பிச் சொல்லுங்கள். "ரெண்டு மணியிலேர்ந்து அழுதுக்கிட்டே இருந்தான்க்கா" என்றால், "விடிய விடியத் தூக்கமே இல்லையா!" என்று சொன்னால் போதும். உடனே "எப்படிப் பிடிச்சுக் குடுத்தே?" என்று விசாரணையில் இறங்காதீர்கள்.

'சரியா', 'போதுமா', 'நல்லா' என்கிற எடைபோடும் சொற்களைக் கேள்வியில் வைக்காதீர்கள். "சரியாத்தான் குடுக்கறியா?" என்ற கேள்வி தப்பு செய்கிறாய் என்ற குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும்.

அவர் தவறாக நம்புவதைக் கேட்டதும் மறுக்கவும் வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். "என் பால் தண்ணியா இருக்கு, அதான் புள்ளைக்கு வயிறு நிறையல" என்கிறார். "அப்படில்லாம் கிடையாது" என்று வெட்டினால் வாயை மூடிக்கொள்வார். "ஆமாம்" என்றால் பொய். "அது மனசைப் போட்டு உறுத்துது, இல்ல?" என்று கேளுங்கள். அப்புறம், முதலில் வரும் பால் கொஞ்சம் நீர்த்து இருக்கும், குடிக்கக் குடிக்கக் கொழுப்பு கூடும், அதனால் ஒரு பக்கம் நிதானமாகக் குடித்து முடிக்கவிடலாம் என்று சொல்லுங்கள்.

அவர் சரியாகச் செய்யும் ஒன்றைத் தேடிப்பிடித்துப் பாராட்டுங்கள். தேடினால் கட்டாயம் இருக்கும். யோசனை சொல்வதாக இருந்தால் ஒரு வருகைக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. "இப்படிச் செஞ்சு பார்க்கலாமா?" என்று கேட்கும் வடிவத்தில்.

நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதை நடித்துப் பழகுங்கள். ஒருவர் தாய், ஒருவர் துணை, மற்ற இருவரும் பார்ப்பவர்கள். முதலில் கூச்சமாக இருக்கும். பரவாயில்லை.

படி 4: உடம்பு விஷயத்தில் இவ்வளவு தெரிந்திருந்தால் போதும்

வாய் வைப்பது: குழந்தையின் தலை, தோள், இடுப்பு ஒரே நேர்கோட்டில், வயிறு தாயின் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளிப்பக்கம் மலர்ந்து, தாடை மார்பில் பதிந்திருக்கும். காம்பைச் சுற்றிய கருவளையம் மேல்பக்கம் அதிகமாகவும் கீழ்ப்பக்கம் குறைவாகவும் தெரியும். காம்பை மட்டும் கவ்வினால் வலிக்கும், வெடிக்கும், பாலும் சரியாக வராது. தொடர்ந்து வலித்தால் சுத்தமான சுண்டுவிரலை வாயோரம் விட்டுப் பிடியைத் தளர்த்தி எடுத்து, மறுபடி வைக்கச் சொல்லுங்கள். சிசேரியன் ஆனவர்களுக்குப் படுத்துக்கொண்டு ஊட்டுவதும், குழந்தையைக் கக்கத்துக்கு அடியில் தலையணைமேல் கிடத்தி ஊட்டுவதும் தையல்மேல் பாரம் விழாமல் காப்பாற்றும்.

போதுமா என்று தெரிந்துகொள்வது: குழந்தை அழுவதை வைத்தோ, மார்பு தளர்ந்து இருப்பதை வைத்தோ முடிவு செய்ய முடியாது. மூத்திரத் துணியை எண்ணுங்கள். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று கூடி, ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு இருக்க வேண்டும். கருப்பாகப் போகும் மலம் நாலைந்து நாளில் மஞ்சளாக மாறிவிடும். பிறந்ததும் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. பத்து சதவீதத்தை நெருங்கினால் மருத்துவர் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். ராத்திரியையும் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை குடிப்பது சாதாரணம்தான். இரண்டு மூன்று வாரத்திலும் ஆறாவது வாரத்திலும் திடீரென்று ஓயாமல் கேட்கும். பால் வற்றியதால் இல்லை, பிள்ளை வளர்கிறது. குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். பால் மாவு ஒரு வேளை உள்ளே நுழைந்தால் மார்புக்கு ஒரு வேளை வேலை குறைகிறது.

பால் கட்டிக்கொண்டால் குழந்தைக்குக் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. குளிர்ந்த ஈரத்துணி வைக்கலாம். அழுத்தித் தேய்த்து உருவிவிடுவது வீக்கத்தைக் கூட்டும். காய்ச்சல் வந்தாலோ, சிவந்த திட்டு ஒரு நாளில் தணியவில்லை என்றாலோ மருத்துவர்தான்.

சேலத்து சித்திரை வெயிலிலும் ஆறு மாதம்வரை பிள்ளைக்குத் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். தாகம் தாய்க்குத்தான் எடுக்கும். "பச்சை உடம்பு, தண்ணி குடிச்சா சீதளம்" என்று சொம்பை ஒளித்துவைக்கும் வீடுகளில் முதலில் அந்தச் சொம்பைத் திரும்ப வாங்கிக் கொடுங்கள்.

படி 5: முதல் பதினைந்து நாள்

குழுவின் பலம் முழுவதும் இந்த நாட்களில்தான் செலவாக வேண்டும். மாதாந்திரக் கூட்டம் நடக்காமல் போனால்கூடப் பரவாயில்லை, இந்த வருகைகள் தவறக் கூடாது.

எட்டாம் ஒன்பதாம் மாதத்தில் ஒரு முறை போய் முகம் பழகுங்கள். முதல் பிரசவம் என்றால் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவார். தாய்வீடு உங்கள் தெருவில் இல்லாமல் ஆத்தூரிலோ ஓமலூரிலோ இருந்தால் போனில்தான் தொடர வேண்டியிருக்கும், அதையும் முன்பே பேசிவையுங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போடச் சொல்லிக் கேட்கலாம், சீம்பாலைப் பீச்சிக் கொட்ட வேண்டாம் என்ற இரண்டையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வீடு வந்ததும் ஒரு தடவை, ஐந்தாம் நாள், பத்தாம் நாளுக்கும் பதினைந்துக்கும் இடையில் ஒரு தடவை நேரில் போங்கள். இடையில் தினம் ஒரு போன். அரை மணிக்கு மேல் உட்காராதீர்கள். காபி போட வைக்காதீர்கள். சளி, காய்ச்சல் இருந்தால் போகவே போகாதீர்கள்.

அந்த வீட்டில் நீங்கள் முதலில் பேச வேண்டியது அம்மாயியிடமும் மாமியாரிடமும்தான். சேனை வைப்பது (பிறந்த பிள்ளையின் நாக்கில் இனிப்புத் தொட்டு வைக்கும் சடங்கு), சர்க்கரைத் தண்ணீர், தேன், வசம்பு உரசி ஊட்டுவது, கழுதைப்பால் என்று அவர்களிடம் ஒரு வரிசை இருக்கும். பிள்ளை நல்லா இருக்க வேண்டும் என்ற ஆசையில்தான் செய்கிறார்கள். அந்த ஆசையைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுங்கள். தேன் ஒரு வயதுக்குள் குழந்தைக்கு ஆபத்தான நச்சை உண்டாக்கலாம். தெருவில் கறந்து கொடுக்கும் கழுதைப்பாலில் நோய்க்கிருமி இருக்கலாம். இந்த இரண்டையும் தயங்காமல் சொல்லுங்கள். பிள்ளையின் நாக்கில் சர்க்கரை தொட்டு வைத்தே தீருவேன் என்று மாமனார் நின்றால், அந்தச் சடங்கைத் தாயின் சீம்பாலைத் தொட்டு வைத்துச் செய்யலாமே என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் ஒப்புக்கொள்கிறார்கள்.

அப்புறம் பாட்டிக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். பூண்டுக் குழம்பு, முருங்கைக் கீரை, பால் சுறாப் புட்டு என்று பத்தியச் சமையல் அவர் கையில். பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் எடுக்க வைப்பது, பார்க்க வரும் கூட்டத்தை வாசலிலேயே நிறுத்துவது அவர் வேலை. வேலை கையில் இருக்கும் பாட்டி பால் மாவைப் பற்றி யோசிப்பதில்லை.

படி 6: எப்போது உங்கள் வேலை முடிந்து மருத்துவமனையின் வேலை தொடங்குகிறது

இதை எழுதி நாலு பேர் வீட்டிலும் ஒட்டிவையுங்கள். குழந்தை பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, ஐந்தாறு நாள் ஆன பிறகு ஆறு மணி நேரத்துக்கு மேல் மூத்திரம் போகாதது, காய்ச்சல் அல்லது உடம்பு சில்லிட்டுப்போவது, வேகமாக மூச்சு வாங்கி நெஞ்சு உள்வாங்குவது, வலிப்பு, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாவது. இதில் ஒன்று இருந்தாலும் யோசனை சொல்லிக்கொண்டிருக்காமல் 108. தாய்க்கு அதிக ரத்தப்போக்கு, கடும் தலைவலி, காய்ச்சல் இருந்தாலும் அதேதான்.

தாய் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்லவோ, மருந்து சொல்லவோ உங்களுக்கு அனுமதி இல்லை. எச்.ஐ.வி. உள்ள தாய் என்றால் அவருடைய சிகிச்சை மையம் சொல்வதே முடிவு. குறைமாதக் குழந்தை, எடை மிகக் குறைந்த குழந்தை என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைப் பிரிவைக் கேட்டுத்தான் எதுவும். பொதுவான சந்தேகத்துக்கு 104 என்ற சுகாதார உதவி எண் இருக்கிறது.

இன்னொன்று. காரணமில்லாமல் அழுகிறார், பிள்ளையைத் தொடப் பிடிக்கவில்லை என்கிறார், செத்துப்போகலாம் போலிருக்கிறது என்கிறார் என்றால் "எல்லாருக்கும் வர்றதுதான்" என்று தட்டிவிடாதீர்கள். வீட்டில் ஒருவரைக் கூடவே இருக்கச் சொல்லிவிட்டு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மனநலத்துக்கான டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் இலவசம்.

படி 7: கூட்டம், வாட்ஸப்

மாதம் ஒன்று அல்லது இரண்டு போதும். மத்தியானம் இரண்டரையிலிருந்து நாலுக்குள் வைத்தால் சமையல் முடிந்திருக்கும், மூத்த பிள்ளை பள்ளியிலிருந்து வந்திருக்காது. விசைத்தறி ஓடும் சந்தில் வைக்காதீர்கள், யார் பேசுவதும் கேட்காது. அங்கன்வாடிக் கூடமோ ஒருவர் வீட்டு முன்னறையோ நல்லது. பாய், குடிநீர், மின்விசிறி, ஆண்கள் வராத இடம் இருந்தால் சரி. சொற்பொழிவு கூடாது. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் பேசட்டும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவின்போது எவரும் வரமாட்டார்கள். ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம் என்பதால் ஏதாவது செய்ய நினைத்தால், திருவிழா தேதியை முதலில் பாருங்கள்.

வாட்ஸப் குழுவில் பெண்கள் மட்டும். மார்புப் படமோ குழந்தைப் படமோ போடக் கூடாது, அதெல்லாம் ஒருவருக்கொருவர் நேரில். ராத்திரி பத்துக்கு மேல் எந்த இரண்டு பேர் போன் எடுப்பார்கள் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அக்கா எல்லா ராத்திரியும் விழித்திருந்தால் மூன்று மாதத்தில் ஓய்ந்துவிடுவார்.

பால் மாவு, பால் புட்டி நிறுவனங்களின் பணமோ பரிசோ டைரியோ எதுவும் உள்ளே வரக் கூடாது. 1992-இல் வந்து 2003-இல் கடுமையாக்கப்பட்ட சட்டம், இரண்டு வயதுவரையான குழந்தை உணவுகளுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரத்தையும் இலவச மாதிரியையும் தடை செய்கிறது. அதே நேரத்தில், மருத்துவக் காரணத்தாலோ வேறு வழியில்லாமலோ பால் மாவு கொடுக்கும் தாய்க்கும் அந்தப் பாயில் இடம் உண்டு. அவரை யாராவது ஒரு மாதிரி பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

படி 8: வேலைக்குத் திரும்பும் தாய்

சட்டப்படியான பேறுகால விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளையும் உண்டு. இதைக் கடைகளில், ஆலைகளில் வேலை செய்யும் பெண்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. சொல்லுங்கள்.

செவ்வாப்பேட்டைப் பக்கம் வீட்டிலேயே கொலுசு வேலை செய்பவர்களுக்கு விடுப்பு என்ற பேச்சே கிடையாது, கூலி உருப்படிக் கணக்கு. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. பற்றவைக்கும் புகையும் அமிலமும் உள்ள அறையில் தொட்டில் கட்டக் கூடாது. பால் கொடுக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, மேல்துணியை மாற்ற வேண்டும்.

வெளியே போகிறவர்கள் கையால் பால் பீச்சப் பழகலாம். மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்தைக் கொதிக்கவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். மிதமான சூட்டில் நாலு மணி நேரம்தான் கணக்கு, நம் ஊர்க் கோடையில் அதற்கும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. ஃபிரிட்ஜில் கதவோரம் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்தால் நாலு நாள்வரை இருக்கும். அடுப்பில் வைத்துச் சுடவைக்காமல் வெந்நீரில் கிண்ணத்தை வைத்து இளஞ்சூடாக்கி, புட்டிக்குப் பதில் பாலாடையில் கொடுக்கலாம்.

ஏற்காட்டு மலைக்கு

மேலே சொன்ன வருகைக் கணக்கு நாகலூரிலோ மாரமங்கலத்திலோ அப்படியே நடக்காது. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, பேருந்து குறைவு, போன் சிக்னல் சில இடங்களில் எட்டாது. அதனால் கீழேயிருந்து ஆள் போவதில் பயனில்லை. ஒவ்வொரு ஊரிலும் எஸ்டேட் லைனிலும் அங்கேயே இருக்கும் இரண்டு பேரைத் தயார் செய்ய வேண்டும். மலையாளி என்று அழைக்கப்படும் உள்ளூர்ப் பழங்குடியினரின் ஊர்களில் ஊர்ப் பெரியவர்களிடமும், இதுவரை பிரசவம் பார்த்துவந்த மூத்த பெண்களிடமும் முதலில் பேசுங்கள். அவர்களையே குழுவில் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

மார்கழிக் குளிரில் பிறந்த குழந்தைக்குத் தாயின் நெஞ்சோடு தோலும் தோலும் படச் சேர்த்து, மேலே போர்வை போர்த்துவது சூட்டையும் காக்கும், பால் குடிக்கவும் தூண்டும். நவம்பரிலிருந்து காபிப் பழம் பறிக்கும் காலத்தில் பிரசவமான சில மாதங்களிலேயே பெண்கள் வேலைக்கு இறங்கிவிடுவார்கள். பறிப்பு தொடங்கும் முன்பே எஸ்டேட் மேஸ்திரியிடம் பேசி, குழந்தைகள் காப்பகம் இருந்தால் அதற்குப் பக்கத்துக் காட்டில் அந்தப் பெண்களுக்கு வேலை ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். சோதனைக்காகக் கீழே சேலத்துக்கு வரும் தாய்மார்களிடம் பேருந்து நிலையத்தில் பாலூட்டும் அறை எங்கே இருக்கிறது என்றும் சொல்லி அனுப்புங்கள். 2015 முதல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் இந்த அறைகள் இருக்கின்றன. பூட்டியிருந்தால் நிலைய அலுவலகத்தில் சாவி கேட்கலாம்.

கடைசியாக ஒரு நோட்டு வாங்குங்கள். பெயர் வேண்டாம். தேதி, குழந்தையின் வயது, என்ன பிரச்சினை, என்ன பேசினோம், அப்புறம் என்ன ஆயிற்று என்று இரண்டு வரி எழுதினால் போதும். ஆறு மாதம் கழித்து நாலு பேரும் சேர்ந்து படித்தால், உங்கள் தெருவில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல் எது என்று தெரியும். அந்த நோட்டில் இருக்கும் தாய்மார்களிலேயே அடுத்த நாலு அக்காக்களையும் தேடுங்கள். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து கூழ் ஊட்டத் தொடங்கியதும் கேட்டுப் பாருங்கள். இரண்டு வயதுவரையும் அதற்குப் பிறகும் பால் கொடுக்கலாம் என்பதால் அவர்கள் கையில் பிள்ளையும் இருக்கும், அனுபவமும் ஆறாமல் இருக்கும்.